ஏ மண்டலத்தின் எல்லை

படிவத்தில் ஐந்தாவது கேள்வி:
நகரின் வணிக மையம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?
ஒரு கோடு போட்டுக் கொடுங்க போதும் என்றார் மேலாளர்.
கோட்டுக்கு உள்ளே சதுர அடிக்கு ஆறு ரூபாய் வரி,
வெளியே மூன்றரை.

டேப்பின் ஒரு நுனியை இருளாண்டி பிடிக்க
கடலிலிருந்தே ஆரம்பித்தோம்.
கீழக்கரை ஜெட்டி, காலை ஐந்தரை.
மையம் அப்போது ஈரமாக இருந்தது.
ஒரு கூடை விளமீனைச் சுற்றி
நாற்பது பேர் ஒற்றைக்காலில் நின்றார்கள்.
ஏலக்காரர் வாயிலிருந்து விலை
துள்ளித் துள்ளி ஏறியது.
ஆறேகாலுக்குச் செதிலும் இரண்டு நாயும்தான்.
இதை எந்த மண்டலத்தில் எழுத?
"சி போடுங்க சார்,
கூரையே இல்லையே."

கடைத்தெரு.
பழைய பண்டகசாலைகளுக்கு வாசல் கடலைப் பார்த்து,
புதிய கடைகளுக்கு வாசல் ராம்நாடு பஸ்ஸைப் பார்த்து.
இரண்டுக்கும் நடுச்சுவர் ஒன்று,
வரிப் பதிவேட்டில் அந்தச் சுவர் இரண்டு முறை வருகிறது.
திர்ஹம் இன்று பத்துப் பைசா ஏறியிருப்பதாக
ஒரு கரும்பலகை சொன்னது.
எதிர்க் கடையில் தொதல், கிலோ அதே விலை,
ஈ மட்டும் கூடுதல்.

மாடிப்படிக்கு அடியில், நாலுக்கு ஆறு இடத்தில்,
குனிந்தபடியே செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறான் ஹசீப்.
அவன் கொடுக்கும் வாடகைக்கு
இரண்டு தெரு தள்ளிக் கிணற்றோடு வீடு கிடைக்கும்.
கேட்டேன்.
"கெணத்துக்கு யாரு கண்ணாடி ஒட்ட வருவா?"
என்றான், நிமிராமல். நிமிர்ந்தால் இடிக்கும்.

வெள்ளிக்கிழமை என்பதை மறந்திருந்தேன்.
பன்னிரண்டரைக்கு ஷட்டர்கள் வரிசையாக இறங்கின.
இருநூறு அடிக்கு மையம் என்று எதுவுமில்லை,
டேப்பைத் தாண்டி ஒரு பூனை போனது.
எங்கோ ஒரு குளிர்சாதனப் பெட்டி
தன் கடைக்குள்ளே தனியாக உறுமிக்கொண்டிருந்தது.
இரண்டு மணிக்குப் பூட்டுகள் திறந்தபோது
எல்லாம் விட்ட இடத்திலேயே இருந்தன,
தராசுத் தட்டில் பாதி நிறுத்த மல்லி உட்பட.

மாலை.
என் வரைபடத்தில் இல்லாத சந்துகளிலிருந்து
பெண்கள் வந்தார்கள்.
ஒரு தோளுக்கு மேல் இடமில்லாத சந்துகள்,
சாலையை எங்குமே தொடாமல்
ஒவ்வொரு கடையின் பக்கவாட்டிலும் முளைப்பவை.
முன்வாசலை அளந்து முடித்திருந்த எனக்கு
அப்போதுதான் தெரிந்தது,
நாள் முழுக்க நான் அளந்தது முதுகை.

இருட்டுவதற்குள் கோடு போட்டாக வேண்டும்.
தபால் பெட்டியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரை, நேராக.
அது மர்ழியாவின் கடைக்குள் புகுந்து போனது.
முன்னால் ஹேங்கரில் கறுப்பு அங்கிகள்,
பின்னால் இரண்டு தையல் மிஷின்.
நீளம் பதினான்கு அடி.
ஒன்பதாவது அடியில் மையம் முடிகிறது என்றேன்.

வாயிலிருந்து ஊசியை எடுத்தார்.
"மிச்ச அஞ்சு அடி ஊருக்கு வெளியவா?"
வெளியே இல்லை, பி.
"மிஷினு?"
பி.
"கல்லாப் பெட்டி?"
டேப்பைப் பார்த்தேன். ஏ.

ஒரு நிமிடம் யோசித்தார்.
பிறகு இருளாண்டியைக் கூப்பிட்டு
ஆளுக்கொரு பக்கம் பிடித்து
மேசையை ஆறடி பின்னுக்கு இழுத்தார்கள்.
சிமெண்டுத் தரையில் நாலு கால் கீறல்.
வரி தளத்துக்குத்தான், கல்லாவுக்கு இல்லை என்று
விளக்க ஆரம்பித்தேன்.
அதற்குள் ஒரு பெண்
மையத்தில் நின்று கை நீளம் பார்த்து,
எல்லை தாண்டி வந்து காசைக் கொடுத்து,
சில்லறைக்குக் காத்திருந்தாள்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன்.
ஐந்தாவது கேள்விக்குப் பென்சில்தான்.
படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டது:
"சார், போன வருச ரசீதை
எந்தப் பக்கம் வச்சுக்கிறது?"